முதல் ஸ்டேஜ் மட்டும்

9.5.2006, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பரண் சுத்தம். கிழிந்த பாய், ஓட்டைக் குடம், நடுவில் எங்கள் பழைய டிவி கேம்! கல்யாணமான புதிதில் அவர் வாங்கியது. மஞ்சள் கேசட்டும் அப்படியே.

துபாயிலிருந்து லீவில் வந்ததிலிருந்து டிவி பக்கமே போகாத மனுஷன், இதைக் கண்டதும் சிரித்தார். தாவிக் குதித்து ஓடுகிற அதே விளையாட்டு. முதல் ஸ்டேஜை ஒரு தப்பில்லாமல் முடித்தார். இத்தனை வருஷம் கழித்து!

மாமிக்கு மகனை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. "டிரைவரு கையாச்சே, சும்மாவா?" ஞாயிறு திட்டக்குடியில் நாத்தனார் மகள் கல்யாணம். கொழுந்தன் ஜாபரின் காரை இவர்தான் ஓட்டப் போகிறார்.

ஜாபர் கேலி: "வூட்டுக்குள்ளயும் கூலிங் கிளாஸா? துபாய்க்காரரு இல்ல!" எல்லாரும் சிரித்தோம்.

10, புதன்

செராமிக் கம்பெனியில் நாள் முழுக்கப் பொம்மைகளுக்குக் கண் வரைந்தேன். முதுகு விட்டுப்போச்சு. சீயக்காய் வாங்க மறந்தாச்சு.

சாயங்காலம் கேம். இரண்டாவது ஸ்டேஜ். வலப்பக்கமிருந்து ஆமை வருகிறது, வருகிறது, அவர் குதிக்கவே இல்லை. அவுட். மறுபடியும் அவுட். "ஜாய்ஸ்டிக்கு மக்கர் பண்ணுது." நான் வாங்கி ஆடினேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி முதல் ஸ்டேஜ் போட்டார். ஒரு தப்பில்லை. ஏதோ இடிக்கிறது.

12, வெள்ளி

எழுத்து கோணல்மாணல்.

டிவி முன்னால் இருந்தவருக்கு வலப்பக்கம் நின்று, பேசாமல் டீயை நீட்டினேன். ஆவி பறக்கிறது. திரும்பவே இல்லை. இடப்பக்கம் போனேன். உடனே வாங்கிக்கொண்டார்.

கதவைச் சாத்தினேன். "என்னாங்க, ஆமை வர்றது தெரியலியா?"

தலை குனிந்தே இருந்தார். "அங்க தலையில அடிபட்டுச்சுடி, ஒனக்குச் சொல்லல. அதுலேர்ந்து வலப்பக்கம் தெரியல. மொத ஸ்டேஜு வெரலுக்கே தெரியும்."

"அங்க வண்டி?"

"ஓட்ட வுடல. ஆறு மாசமா லேபர் கேம்பு கிச்சன்லதான் வேல. அம்மாகிட்ட சொல்லிடாத."

ஆறு மாசம்! போனில் ஒவ்வொரு தடவையும் "பாத்து ஓட்டுங்க" என்றேனே. கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவைத் தெருவெல்லாம் காட்டினேனே. பாவி, ஒன்றும் தெரியாமல்.

"ஞாயித்துக்கெழம?"

"ஓட்டிடுவேன். தெரிஞ்ச ரோடுதான?"

யா அல்லாஹ்.

14, ஞாயிறு

நேற்றெல்லாம் கெஞ்சினேன். கேட்கவில்லை.

காலையில் மாமி பட்டுப்புடவையோடு முன் சீட்டில். பின்னால் ஜாபர், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள். ஸ்டீயரிங்கில் இவர், கூலிங் கிளாஸோடு நிமிர்ந்து. இன்ஜின் ஓடுகிறது.

"ஏறுடி, நிக்காஹ்வுக்கு நேரமாவுது" என்றார் மாமி.

ஏறவில்லை. சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம், அவருக்கு வலப்பக்கம் போனேன். கண்ணாடி இறக்கியிருந்தது. கையை உள்ளே விட்டேன். சாவியைத் திருகி உருவினேன். இன்ஜின் நின்றது.

காரே என்னைப் பார்த்தது. அவர் மட்டும் நேரே பார்த்தபடி, "யாரு?" என்றார்.