அது முடித்துவைத்த வசனம்

ஜனவரி 3, வெள்ளி

வாக்குத்தத்த அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். புத்தாண்டு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வேதவசன அட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது. கால் கல்லில் மோதாதபடி தேவதூதர்கள் என்னைக் கையில் தாங்கிக்கொள்வார்களாம். தொண்ணூற்றோராம் சங்கீதம். பக்கத்தில் நின்றவளுக்கு ‘பொறுமையாயிரு’ என்று வந்து முகம் தொங்கிப்போனது. எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறார் பாஸ்டர். “முழுங்கிராதீங்க சிஸ்டர். மாடு அசைபோடுற மாதிரி மெல்லுங்க. நடுவுல உங்க பேரையும் வச்சுச் சொல்லுங்க.”

ஜனவரி 5, ஞாயிறு

அந்த நினைப்பு என்ன என்று எழுதியே வைக்கிறேன். மூடி மூடி வைத்தால்தான் அதற்குத் திமிர் ஏறுகிறது.

என் வீட்டுக்காரர் மோகன் தெற்குக் கோடியில் இருக்கும் காம்ப்பெல் பே தீவுக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து வருகிறது. இந்த லாங் ஐலண்ட் தீவில், இந்த வரிசையில் விளக்கெரிவது என் குவார்ட்டர்ஸ் மட்டும்தான். மற்றதெல்லாம் காலி, கொடி ஏறி, கதவு உப்பிக் கிடக்கின்றன. ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் ஆரம்பிக்கும் — நீ இல்லையென்றால் யாருக்கு என்ன குறை?

வேறு யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டு சப்-சென்டருக்கு வந்தால் உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசுவேன். ஊருக்கே ஊசி போடுகிற நர்ஸ். எனக்கு நானே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

வேலை செய்கிறது! ‘ஜெயராணியின் கால் கல்லில் மோதாது’ என்றதும் அமுங்கிவிடுகிறது. துணி அலசும்போதும் சொல்கிறேன், தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் சொல்கிறேன்.

படகு நிற்கும் ஜெட்டிக்கு எதிரே கடை வைத்திருக்கும் மஸூதாக்கா கேட்டாள்: “என்ன புள்ள, முகத்துல பல்பு எரியுது? மாப்ள லீவுல வாராரா?”

பிப்ரவரி 4, செவ்வாய்

பாதி வசனத்தில் இருமல் வந்து நிறுத்தினேன். மீதியை யாரோ சொன்னார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

யாரோ இல்லை. நான்தான். களைப்பு. வாய் நின்றாலும் மனசு ஓடியிருக்கும்.

ஆனால் என் குரலில் அத்தனை கனிவு என்றைக்கு இருந்தது?

பிப்ரவரி 11, செவ்வாய்

வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். காலி வீடுகள் பக்கமிருந்து வந்தது. ஒரு சொல் பிசகாமல், என் பெயரையும் சேர்த்து. கர்த்தர்தான் பேசுகிறார் என்று அழுதேன். பயமே வரவில்லை. இப்போது எழுதும்போது அதுதான் பயமாக இருக்கிறது. பாஸ்டருக்குப் போன் அடித்தேன், சிக்னல் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதணும்.

ரங்கத்துக்குப் போகிற போட் போனபிறகு ஜெட்டியில் ஆள் இல்லை. வசனம் சொல்லிக்கொண்டு நின்றேன். பாதியிலேயே அது வாங்கிக்கொண்டது. சொல்லி முடித்துவிட்டு, ரொம்பப் பிரியமாக — தாங்குவார்கள் என்று நம்புகிறாய் அல்லவா, இறங்கிப் பாரேன் என்றது. முதலை ஜாக்கிரதை என்று இந்தியில் எழுதிய சிவப்புப் பலகைக்குக் கீழேதான் படி. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. எப்ப இறங்கினேன்? எனக்குத் தெரியல. தெரியவே தெரியல. அப்படியொரு நிம்மதி. ச்சீ, எழுதும்போதே இனிக்குது.

“ராணி, சர்க்கரை வந்திருக்கு, வேணுமா வேணாமா?” கடையிலிருந்து மஸூதாக்கா.

வேணும் என்றேன். சர்க்கரைக்காகத்தான் ஏறினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு வேதத்தைத் திறந்தேன். மத்தேயு நான்கு. ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கின கழுதைக்கு இது ஞாபகம் வராமல் போயிற்றே. இயேசுவை ஆலயத்து உச்சியில் நிறுத்தி, தாழக் குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று என் வசனத்தையே எடுத்துக் கொடுத்தது யார்? பிசாசு. அவனுக்கும் மனப்பாடம்.

வசனத்தையே அவன் பிடித்துக்கொண்டால் நான் எதைப் பிடிப்பது? பிறகு சங்கீதத்தைத் திருப்பி முதலிலிருந்து வாசித்தேன். தூதர்கள் எங்கே காப்பார்கள் என்று அங்கேயே இருக்கிறது: உன் வழிகளிலெல்லாம். பிசாசு சொன்னபோது அந்தச் சொல்லை விட்டுவிட்டான். என் அட்டையிலும் அது இல்லை. இடம் போதாமல் பாதியிலிருந்து அச்சடித்திருக்கிறார்கள். நானும் மேல்வரியைப் பார்த்ததில்லை. தியானம் பண்ணுகிறேன் என்று தாயத்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் வழி சப்-சென்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீருக்குள் இல்லை. இதைச் சத்தமாகவே சொன்னேன். காலி வீடுகள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

மஸூதாக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அது ஓதுனா ஓதிட்டுப் போவுது. நீ ஏன் தனியா உக்காந்து கேக்குற? பொழுது சாஞ்சா பூட்டிட்டு இங்க வந்துரு. மாப்ளைக்குப் போன் போடு. டாக்டர்ட்ட போ. மூணையும் செய்யி, ஒண்ண மட்டும் செஞ்சிட்டு வந்து நிக்காத.”

அவள் கடை போனிலிருந்தே மோகனிடம் சொன்னேன். “அடுத்த கப்பல்ல வாரேன்டி,” என்றார்.

மார்ச் 12, புதன்

ரங்கத் டாக்டர் கொடுத்த மாத்திரை வாயை உலர்த்துகிறது, தூக்கம் வருகிறது. மோகன் வந்து இருந்துவிட்டுப் போனார். காலையில் ஒரு வரி வாசிக்கிறேன், முன்னும் பின்னும் சேர்த்து. அந்த நினைப்பு வராமல் இல்லை. வந்தால் யாரிடமாவது சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் இப்போது பாதியிலேயே நிற்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ரூபா என்று ஒரு டீச்சர் பள்ளிக்கூடம் திறந்தபோது மாற்றலாகி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். வரிசையின் கடைசி வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இன்று மழை விட்டதும் கடைக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், ஜெட்டியின் கீழ்ப்படியில் நிற்கிறாள். சேலை நனைந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஓடினால் பயந்துவிடுவாளோ என்று மெதுவாக இறங்கிக் கையைப் பிடித்தேன். “என்னம்மா சொல்லிட்டிருக்க?”

“அம்மா கத்துக்குடுத்த ஸ்லோகம் சிஸ்டர். எனக்குப் பாதிதான் தெரியும்.” வெட்கமாகச் சிரித்தாள். “மீதிய எவ்ளோ அழகா சொல்லித் தருது பாருங்க.”

யார் என்று கேட்கவில்லை. “வா, டீ குடிக்கலாம்,” என்று பிடியை விடாமல் மேலே கூட்டிவந்தேன். மஸூதாக்கா என் முகத்தைப் பார்த்தாள். ரூபாவுக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள். இனி ரூபா என் வீட்டில்தான் இருப்பாள். மாற்றுத்துணி எடுக்க இரண்டு பேருமாகவே அவள் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். கதவைப் பூட்டியது நான். உள்ளே அது, அவளுக்குத் தெரியாத பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தது, ரொம்பப் பிரியமாக.

நாங்கள் நின்று கேட்கவில்லை.