வராத நாளுக்கும் பீஸ்

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நூல் லாரி வரவில்லை. மாலை நாலு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரம்மாவிடம் கவுன்சிலிங். போகவில்லை.

எங்கள் ராஜபாளையத்திலேயே ஒரு கவுன்சிலிங் சென்டர் இருக்கிறது. படியேறினால் எதிர் டீக்கடைக்குத் தெரியும், அப்புறம் ஊருக்கே தெரியும். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர். போன வாரம் பேர் பதியப் போனபோது வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். "இங்க வாரதெல்லாம் உங்க ஊர் ஆளுகதான் சார். எங்க ஊர் ஆளுக உங்க ஊருக்குப் போறாக."

சுவரில் விதிகள். ஐம்பது நிமிடம், எண்ணூறு ரூபாய். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும், இல்லையென்றால் முழுப் பீஸ். அடுத்தடுத்து இரண்டு தடவை வராவிட்டால் அந்த நேரம் வேறு ஆளுக்கு.

ஐந்து மணிக்கு போனிலேயே எண்ணூறை அனுப்பிவிட்டேன். அப்பாடா.

வீட்டில் தனம்: "போனீகளா? என்ன சொன்னாக?"
"நல்லாத் தூங்கச் சொன்னாக."
கட்டினவளிடம் பொய்.

நவ. 7, வெள்ளி
எங்கள் குடோன் வாசல் வரை போனேன். நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை. ஆகஸ்டில் தம்பி சீனி உள்ளே லோடு ஏற்றும்போது மாரடைப்பில் போனான். அன்றிலிருந்து இதே பாடு. என் இதயத்தில் கோளாறு இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு ஏன் கால் நகரவில்லை?

விற்க வேண்டிய பேண்டேஜ் துணியெல்லாம் உள்ளே. முதலாளி நான் எதிர்ப் பெட்டிக்கடை பெஞ்சில். லோடுமேன் வேலு: "அண்ணாச்சி, எம்புட்டு நாளைக்கு இப்படி?" எரிந்து விழுந்தேன். பாவம் அவன்.

தையோடு குடோனை விற்றுவிடலாம் என்கிறாள் தனம். நானும் சீனியும் கட்டியது. மனசே இல்லை.

நவ. 11, செவ்வாய்
கார் டாக்டரம்மா தெருமுனை வரை போனது. திரும்பிவிட்டேன். எண்ணூறு அனுப்பினேன்.

வரவேற்புப் பெண்ணிடமிருந்து போன். "ரெண்டு தடவை ஆச்சு சார். நேரத்தை வேற ஆளுக்கு விடணும்."

விடுவேனா? "காசு குடுத்தாச்சுல்ல? வாடகை குடுத்த கடைய நான் தொறப்பேன், பூட்டியும் வைப்பேன்."

டாக்டரம்மாவே போனை வாங்கிப் பேசினார். மெல்லிய குரல். "நேரம் உங்களுக்கே இருக்கட்டும். வராத நாளுக்கு இனிமே உங்ககிட்ட பீஸ் வாங்க மாட்டேன். இதுவரை அனுப்பினதும் திரும்பி வந்துரும். வரலைன்னா எனக்கு நீங்களே போன் பண்ணி ஏன்னு சொல்லணும். மழை, லோடுன்னா ஒத்துக்க மாட்டேன்."

ஆயிரத்து அறுநூறும் திரும்பி வந்தது. வாங்கின காசைத் திருப்பித் தருகிற கடையை இப்போதுதான் பார்க்கிறேன். எரிச்சல்.

நவ. 15, சனி
காரணம் யோசித்ததில் வேலை கெட்டது. நூல் விலை. சளி. செவ்வாய் நாலு மணி ராகுகாலம் (இது கொஞ்சம் நல்ல காரணம்). தனத்துக்கு முழங்கால் வலி. எதைச் சொன்னாலும் அந்த அம்மா "ம்" என்று சொல்லிக் காத்திருப்பார்.

நவ. 18, செவ்வாய்
வெயில். இரண்டு மணிக்கு போன் போட்டேன்.

"இன்னைக்கு வரலைம்மா."
"சரி. ஏன்?"
ராகுகாலம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வந்தா அழுதுருவேன்."
"நாலு மணிக்கு இருப்பேன்" என்றார்.

போனேன். முதல் அரைமணி நூல் விலைதான் பேசினேன். பிறகு எப்படியோ சீனி வந்துவிட்டான். லாரி நின்ற இடம், அவன் போட்டிருந்த நீலச் சட்டை. பண்டல் மேல் உட்கார்ந்து, "அண்ணே, தண்ணி" என்று கேட்டான். அது வரைக்கும் சொன்னேன். அழுகை முட்டியது. நேரம் முடிந்துவிட்டது.

"இன்னொரு பீஸ் தாரேன்மா. ரெண்டு மடங்கு தாரேன்."
"அடுத்தவங்க வெளிய காத்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை இதுல இருந்தே தொடங்குவோம்."

தெருவில் காருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாவி போட மனம் வரவில்லை. அடுத்த செவ்வாய் வரைக்கும் சீனி தண்ணீர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.