கிளினிக் சுவரில் உன் மூக்கு

அன்பு மகள் பரஸ்தூ ஜானுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இஸ்ஃபஹானில் அப்பாவும் நானும் ஆண்டவன் கருணையில் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அங்கே ஸ்வீடனில் நீயும் சுகமாக இருப்பதாகச் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஊரே பாலத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறது, அப்பாவும் தினம் பிளாஸ்க்கில் தேநீரை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், தண்ணீரைப் பார்க்கப் போகிறாரா அந்த வெட்டி நண்பர்களோடு அரட்டை அடிக்கப் போகிறாரா என்பது எனக்குத் தெரியாதா என்ன. போனில் சொல்லாமல் ஏன் இப்படித் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் மூக்கு என்று வாயெடுத்தாலே உனக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது, தாளுக்கு அந்த வியாதி கிடையாது, அதனால்தான்.

போன மாதம் நீ உன் பழைய படங்களைக் கேட்டாயே, அப்போதே எனக்கு உறுத்தியது. அம்மா ஞாபகத்துக்கு வச்சிக்கணும் அனுப்புங்க என்றாய், சரி பாசம் பொங்குகிறது என்று பார்த்தால், நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வேண்டும் என்கிறாய். ஞாபகத்துக்குப் பக்கவாட்டுப் படம் கேட்கிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இருந்தாலும் அனுப்பி வைத்தேன். பிறகு உன் சித்தி மகள் ஸெபீதே வந்தாள், அவள் வாயில்தான் எதுவும் நிற்காதே, பரஸ்தூவுக்கு நவ்ரூஸ் புத்தாண்டு முடிஞ்ச கையோட மூக்கு ஆபரேஷனுக்குத் தேதி கெடைச்சிடுச்சாமே பெரியம்மா, ரெண்டாவது தடவைன்னா விலாவிலேர்ந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து வைப்பாங்க, அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதானாம்! கோழி விலாவைச் சொல்வது போல என் பெண்ணின் விலாவைச் சொல்கிறாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை. எனக்கே காது குத்தப் பார்த்தாயா நீ?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், உன் மூக்கு சரியில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போனில் பேசிக்கொண்டே நீ ரொட்டி தின்னும்போது மூச்சு வாங்குவதற்காக மெல்லுவதை நிறுத்துகிறாய், நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. வீடியோவில் எப்போதும் வலது பக்கத்தையே காட்டுகிறாய், இடது பக்கத் துவாரம் கிள்ளி விட்டாற்போல இருக்கிறது. அந்த முதல் டாக்டர் அந்த வருஷத்து எல்லாப் பெண்களுக்கும் போட்ட அதே பொம்மை மூக்கைத்தான் உனக்கும் போட்டுவிட்டான், கட்டுப் பிரித்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்று, கண்ணு படப் போகுது, மூக்கும் முழியுமா எப்படி இருக்கா பாரு என்றார்கள். நம் ஆட்களுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும், கட்டுப் பிரித்தவள் முகத்தைப் பார்த்து யாராவது நன்றாக இல்லை என்று சொல்வார்களா? வீக்கம் வடிந்து மூச்சு அடைக்க ஆரம்பித்தபோது நீ விமானம் ஏறிவிட்டாய். அந்த டாக்டரை இங்கிருந்து கூப்பிட்டால் எப்போதும் மாநாட்டில் இருக்கிறார், அப்படி என்ன மாநாடோ.

அதனால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது தடவை கத்தி வைக்கப் போகிறவன் யார் என்பதுதான் என் கேள்வி. ஒரு முறை திறந்த இடம், இதுவும் கெட்டால் மூன்றாவதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கும்? உனக்குத் தேதி கொடுத்த அந்த டாக்டரை, கீவான்பூர், கீவான்பூர் என்று ஸெபீதே புகழ்ந்த புகழ்ச்சியிலேயே எனக்கு ஏதோ இடித்தது. சரி நாமே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எனக்கே மூக்கு சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் கிளினிக்குக்குப் போனேன். சிரிக்காதே. வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, வார்த்தைக்கு வார்த்தை கானும் என்று மரியாதை மட்டும் குறையவில்லை, உங்களுக்கு ரொம்ப அம்சமா வரும் கானும், வயசே தெரியாது, ஸெபீதே கானும்தானே அனுப்பினாங்க என்றாள். பார்த்தாயா? அந்தக் கழுதை ஊரையே அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறாள், அதில் அவளுக்கு என்ன ஆதாயமோ, அவள் மூக்கையும் உற்றுப் பார்க்க வேண்டும் இனிமேல்.

உள்ளே தேநீர், கஸ் மிட்டாய், மெத்து மெத்தென்று சோபா. பாதிப் பேர் மூக்கில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி, அவளுக்கும் வேறெங்கோ செய்து கெட்டுப்போய் இங்கே சரிசெய்ய வந்திருக்கிறாள், கூடவே அவள் அம்மா. அந்தப் பெண் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, எனக்கு அந்த மூக்குதான் ஆன்ட்டி வேணும், டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், பொம்மை மூக்கெல்லாம் இப்ப யாரு வச்சிக்கறா, இது எவ்ளோ இயல்பா இருக்கு பாருங்க, செஞ்சதுன்னே தெரியல என்று உருகினாள். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனேன். ஒரே சட்டத்தில் இரண்டு படம், கண்களின் மேல் கறுப்புப் பட்டை. முன் என்று எழுதிய படத்தில் கிள்ளிவிட்ட இடது துவாரம். பின் என்று எழுதிய படத்தில் மூக்குத் தண்டின் நடுவில் உன் அப்பா வீட்டு மேடு, உதட்டுக்கு மேலே ஒரு சின்னக் குழி. அம்மை போட்டபோது கையில் காலுறை மாட்டி வைத்தும் கேட்காமல் நீ சொறிந்து வைத்த குழி அது, எனக்குத் தெரியாதா! நான் அனுப்பிய, முதல் ஆபரேஷனுக்கு முந்தைய படமடி அது. உன் மேல் இன்னும் சுண்டுவிரல்கூடப் படாதவன், நீ பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிய படங்களை முன்னும் பின்னும் மாற்றி மாட்டி, தான் செய்த வேலை என்று ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். 

இருந்தும் சத்தம் போடவில்லை. வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டு யாரம்மா இது என்றேன். ஸ்வீடன்லேர்ந்து வந்த பொண்ணு கானும், எங்கேயோ போய்க் கெடுத்துக்கிட்டு வந்தா, எங்க டாக்டர் கை பட்டதும் எப்படி ஆயிட்டா பாருங்க என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ரொம்ப அழகாக இருக்கிறது இந்தப் படம் என்றேன். அவளும் நம் ஊர் மரியாதை வழக்கப்படி, உங்களைவிடவா, இது உங்களுக்கே சொந்தம், எடுத்துக்கோங்க என்றாள். நான் மூன்று தடவையாவது ஐயோ வேண்டாம் என்று மறுக்க வேண்டும், அதுதானே முறை. நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு, கானும் அது வந்து, டாக்டர் வந்து என்று இழுத்தாள். நீங்க மனசாரக் குடுத்ததை நான் வேணாம்னா உங்களுக்கு மரியாதை இல்லையே என்றேன். அத்தனை பேர் முன்னால் சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேன் என்று அவளால் சொல்ல முடியுமா? வாசல் வரை கூடவே ஓடி வந்தாள், அவ்வளவுதான். போகும்போது அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் குனிந்து, மகளே, அந்த மூக்கை இவர் செய்யல, நான் பெத்தது என்று சொன்னேன். அவள் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அம்மா சட்டென்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், மூவரும் ஒன்றாகவே படியிறங்கினோம்.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை பார்க்கிற ஒரு பெண் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். அவரையும் முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தேன், ஆனால் அவர் சுவரில் ஒரு படமும் இல்லை, படத்த வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பொண்ணக் கூட்டிட்டு வாங்க, உள்ள குழாய் விட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்வேன், மூச்சு சரியாகலாம், அழகுக்கு நான் உறுதி தர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். உறுதி தராதவரைத்தான் எனக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. கீவான்பூரிடம் வாங்கிய தேதியை நான் ரத்து செய்யவில்லை. செய்திருப்பேன், கை துறுதுறுத்தது. ஆனால் உன் முகம், உன் மூச்சு, முடிவு நீதான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் உன் படத்தை மாட்ட நீ சம்மதம் கொடுத்தாயா என்று மட்டும் எனக்கு உண்மையைச் சொல்.

சட்டத்தைப் பிரித்துப் பின் என்று எழுதிய பாதியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இதைப் பார்த்துத்தான் நீ அன்று கண்ணாடி முன்னால் நின்று ஒளிந்து ஒளிந்து அழுதாய், இதைத்தான் அந்தக் கல்லூரிப் பெண் எனக்கு வேண்டும் என்று கெஞ்சினாள். இந்த மூக்கை இனி யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும், அதற்காக உன்னைத் திட்டவில்லை. நவ்ரூஸுக்கு டிக்கெட்டை மாற்றாமல் வா, அந்த ஊர்க் காபித் தூளைத் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே யாரும் குடிப்பதில்லை. ஸெபீதேயிடம் எதையும் சொல்லாதே. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனுஷர்களையும் கொடுக்கட்டும், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டு நீ ஒரே ஒரு ராத்திரி தூங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், அதற்கு மேல் எனக்கு எந்த அழகும் வேண்டாம்.

உன் இரண்டு கண்களிலும் முத்தங்கள்,
அம்மா எஃபத்