டி வரிசை, ஒன்றாம் தடுப்பு

பாய்,

நேற்று மாலை என் மகன் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கிடங்கு அவன் பொறுப்பு. எந்தச் சரக்கு எந்த வரிசையில், எந்த அடுக்கில், எத்தனாவது தட்டில் என்று ஒவ்வோர் இடத்துக்கும் புது சாஃப்ட்வேரில் எண் கொடுத்துக்கொண்டிருந்தான். காபி வைக்கப் போன நான் திரையைப் பார்த்தேன். எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், இடமா வலமா என்று கேட்டபடி அது நின்றிருந்தது. பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாதாம். காபியை மேசையிலேயே பாதி கொட்டிவிட்டேன். "இன்னாம்மா ஆச்சு?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் சொல்லிவரும் பதில் அதுதான்.

எந்தப் பக்கத்திலிருந்து என்று நீங்களும் அன்று என்னை அதையேதான் கேட்டீர்கள்.

எண்பதுகளின் நடுவில், தோல் பதனிடும் நம் டேனரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. ஆம்பூரில் அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். மெட்ராஸில் ஆறு வாரம் படித்துவிட்டு வந்த ஒரே ஆள் நான். ஆபீஸில் ஒரே பொம்பளையும் நான்தான். "பொம்பளைகிட்ட மிஷினைக் குடுத்தா உருப்படுமா?" என்று என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். நீங்கள் மட்டும் கெமிக்கல் குடோன் வாசலில், கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாம்மா மேரி, உன் டப்பாவுக்குத் தீனி வேணுமா?" என்று கூப்பிடுவீர்கள். அப்போது நானும் கொஞ்சம் திமிராகத்தான் இருந்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

குடோனுக்குள் எது எங்கே இருக்கிறது என்பது உங்கள் ஒருவர் தலைக்குள்தான் இருந்தது. அதை மிஷினுக்குள் ஏற்ற வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. அதிலும் டி வரிசைதான் முக்கியம். பின்சுவர் நெடுக, இடுப்புயரச் செங்கல் சுவரால் பிரித்த ஒன்பது தடுப்புகள். ஒரு கோடியில் தோலில் மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு மூட்டைகள். மறு கோடியில் கண்ணாடி ஜாடிகளில் ஆசிட். நடுவில் உப்பும் சுண்ணாம்பும் மற்றதும். "இதுங்க ரெண்டுக்கும் சம்பந்தி சண்டைம்மா. ஒண்ணை ஒண்ணு பாக்கவே கூடாது. பாத்துச்சுன்னா வர்ற ஆவியில ஆளே காலி," என்றீர்கள். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். உங்கள் பேச்சைக் கேட்டுக் காகிதத்தில் படம் வரைந்து, இடது கோடியை ஒன்று என்று வைத்தேன். ஒன்றில் ஆசிட், ஒன்பதில் சல்பைடு. வேறு விதமாக யாராவது எண்ணுவார்களா என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

மறுநாள் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தீர்கள். "எந்தப் பக்கத்துல இருந்தும்மா நம்பர் போடணும்?" நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. "எப்பவும் ஆரம்பிக்கிற பக்கத்துல இருந்துதான் பாய். இதெல்லாமா கேப்பாங்க?" என்றேன்.

நீங்கள் உருதுப் பள்ளிக்கூடத்தில் வலமிருந்து இடமாக எழுதக் கற்றவர். உங்கள் இருப்பு நோட்டை வலப்பக்கமாகத்தான் திறப்பீர்கள் என்பதை எத்தனை முறை பார்த்திருப்பேன்! எப்போதும் ஆரம்பிக்கிற பக்கத்திலிருந்துதான் நீங்களும் ஆரம்பித்தீர்கள். சுவரில் ஒன்று என்று எழுதிய தடுப்பில் சல்பைடு இருந்தது. என் பட்டியலிலோ ஒன்று என்றால் ஆசிட்.

முதலாளி சரிபார்க்க வந்தார். கதவுக்கு நேர் எதிரே நின்று, "டி அஞ்சுல இன்னா?" என்றார். உப்பு என்று வாசித்தேன். உப்புதான் இருந்தது. ஒன்பதில் ஐந்து மட்டும் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஐந்துதானே, பாய். "சபாஷ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தோம். நீங்கள் இருந்தவரை அந்த எண்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. கேட்டவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டிவிடுவீர்கள்.

அப்புறம் மச்சினி கல்யாணத்துக்கு வாணியம்பாடி போனீர்கள், இரண்டே நாள். அதில் முதல் நாளே ஆசிட் லோடு வந்தது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஏழுமலை ஜன்னலுக்கு வந்து, எங்கே இறக்குவது என்று கேட்டார். பட்டியலைப் பார்த்து டி ஒன்று என்றேன். போனவர் திரும்பி வந்தார். "அங்க ஏற்கெனவே மூட்டைங்க கீதும்மா."

"லிஸ்ட்ல அப்பிடித்தான் இருக்கு. ஓரமா வைங்க."

எழுந்து போய்ப் பார்த்திருந்தால் நாற்பது அடி தூரம். போகவில்லை. லிஸ்ட் நான் போட்டது, தப்பாக இருக்குமா என்ற கொழுப்பு.

இறக்கும்போது ஒரு ஜாடி விண்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. ஆசிட் கசிந்து மூட்டைகளுக்கு அடியில் போயிருக்கிறது. அழுகின முட்டை வாடை நம் ஊருக்குப் புதிதா என்ன? நாள் பூராவும் மூக்கில் இருப்பதுதானே. யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. மூன்றாம் நாள் காலை நீங்கள் கல்யாண வீட்டு லட்டோடு வந்து எனக்கு இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சத்தம் கேட்டது. உப்பு எடுக்க உள்ளே போன ஏழுமலை விழுந்துவிட்டார். துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினீர்கள். "பாய், போகாதீங்க" என்று நான் கத்தினேன். அவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுவிட்டு, நீங்களும் அங்கேயே விழுந்தீர்கள். லட்டு என் கையிலேயே இருந்தது.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். நீங்களும் பிழைத்தீர்கள் என்றுதான் அன்று நினைத்தோம்.

விசாரணை மேனேஜர் அறையில். உங்கள் கண் இரண்டும் சிவந்து, ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தீர்கள். மேனேஜர் என் பட்டியலையும் சுவர் எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எந்தப் பக்கத்துல இருந்து போடணும்னு நீ சொன்னியா இல்லியா?"

வீட்டில் அப்பா படுத்த படுக்கை. என் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிந்தது. இதெல்லாம் பிற்பாடு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷத்தில் அப்பா ஞாபகமெல்லாம் வரவில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது.

"சொன்னேன் சார். இடப்பக்கத்துல இருந்துன்னு."

மேனேஜர் உங்கள் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களாய்யா?"

துணியைக் கண்ணிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பவர் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். "ஆமா சார், சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன். நம்ம கை அந்தப் பக்கம் போயே பழக்கம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கே உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரே ஒரு தடவை உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டம்மா பாபி டீ கொடுத்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வாய் திறந்தால் இருமல் உங்களுக்கு. நான் வாயைத் திறக்கவே இல்லை. வாசல் வரை வந்து, "அப்பாவைப் பாத்துக்கம்மா. எனக்கு நாலு இடம் தெரியும். பேஜாரு பண்ணிக்காத, வுடு," என்றீர்கள். அப்புறம் ஆலங்காயத்தில் மச்சான் வீட்டோடு போய்விட்டீர்கள். அந்த இருமல் உங்களை நாலு வருஷம்கூட உயிரோடு விடவில்லை. சாவுச் சேதி கேட்டு வந்து, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தான், பேரன் வந்துவிட்டான். இன்றைக்கும் பந்தியில் இலை போடும்போது, கொடியில் துணி காயவைக்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்தும்மா என்று உங்கள் குரல் பின்னால் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பேன். யார் இருப்பார்கள்?

போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசையில் உங்கள் மகள் பர்வீனைப் பார்த்தேன். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாளாம். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் இரண்டு பேரும் தப்பான முனையில் நின்றிருந்தோம். அவள் சிரித்தாள். "எங்க வூட்டுல இதுக்கு ஒரு பேச்சு உண்டு அக்கா. யாராவது மடத்தனமா எதையாவது பண்ணா, 'அப்பா மாதிரி நம்பர் போட்டுட்டியா'ம்போம். என் பேரப்பசங்க வரைக்கும் சொல்றாங்க. அப்பாவும் இருந்தவரைக்கும் கூடவே சிரிப்பாரு."

நானும் சிரித்தேன், பாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன்.

உங்கள் பிள்ளைகளிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. செத்த பிறகும் என் பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் நீங்களும் அன்று பொய் சொன்னீர்கள் என்று ஆகிவிடுமே என்று இத்தனை நாள் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். வேறெதற்கு?

இதில் உங்களுக்குத் தெரியாதது ஒரு வரிகூட இல்லை. அதனால் உறையின் மேல் பர்வீனின் முகவரியை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இனி அந்தப் பேச்சுக்கு யாரும் சிரிக்க வேண்டாம்.

மேரி