மேகாலயாவிலிருந்து தாய்வழி திரும்பியவருக்கு

பாசத்திற்கும் மதிப்பிற்கும் உரிய அண்ணா,

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு உங்கள் மகள் நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். உங்களுக்கு மகள் உண்டு என்பதை, நீங்கள் மறைந்து நான்கு மாதம் கழித்தா நான் அறிய வேண்டும்?

இருபது ஆண்டுகள் மேகாலயாவிலிருந்து கடிதம் எழுதினீர்கள். சிரபுஞ்சியில் மழை நாள்கணக்கில் ஓயாததை எழுதினீர்கள். காசி என்னும் மலைமக்கள் ஆற்றங்கரை மரங்களின் வேர்களைப் பின்னிவிட்டு, ஒரு தலைமுறை காத்திருந்து, உயிருள்ள பாலம் வளர்ப்பதை எழுதினீர்கள். முன்னோர் நினைவாக அவர்கள் பண்டு நட்ட கற்களை, நிற்பவை ஆண்களுக்கு, கிடப்பவை தாய்மாருக்கு என்று குறித்து, வரைந்தே அனுப்பினீர்கள். ஒரு கடிதத்திலாவது மனைவி என்ற சொல் உண்டா?

உங்கள் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தபோது தகனம் முடிந்திருந்தது. அவர்கள் பதிவேட்டிலும் நீங்கள் தனியாள். நானும் வாரிசுச் சான்றுக்காக வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரி முன் நின்று, 'திருமணமாகாதவர். என்னைத் தவிர வாரிசு இல்லை' என்று கையொப்பமிட்டு வந்தேன். என் அரசுப் பணியில் நான் பொய் எழுதியதில்லை என்று நம்பியிருந்தேன்.

ஆகவே அவளிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: "ஏதாவது அத்தாட்சி இருக்குதாம்மா?"

கையிலிருந்த மரப்பெட்டியைக் காட்டினாள். "அப்பா எலும்புங்க. இதான் இருக்குது, சித்தப்பா."

அத்தனையும் நம் ஊர்ப் பேச்சு. நீங்கள் கற்றுக்கொடுத்ததாம். "மழை கம்மி, வெயில் ஜாஸ்தினு அப்பா சொன்னாரு. சரியாத்தான் இருக்குது" என்றாள்.

அஸ்தி வீட்டுக்குள் வரலாகாது என்ற முறையைச் சொல்லி, பெட்டியை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வரச் சொன்னேன்.

"அப்பா வெளிய, நான் உள்ளயா?" என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மோர் கொடுத்துவிட்டு வந்த என் மனைவி, "அத்தாட்சி கேட்டீங்களே, அந்தப் பிடிவாதத்தைப் பாருங்க. உங்க அண்ணனேதான்" என்றாள்.

நானும் மரத்தடிக்குப் போனேன். இபான், அதுதான் அவள் பெயர், பொறுமையாக விளக்கினாள். அவர்கள் மலையில் வம்சம் தாய்வழி. பிள்ளைகளுக்குத் தாயின் குலப்பெயர். வீடு கடைசி மகளுக்கு. கணவன் மனைவி வீட்டில் வாழலாம். இறந்தபின் அவன் எலும்பு அவனைப் பெற்றவளின் குலக்கல்லுக்கு அடியில் போய்ச் சேர வேண்டும்.

"இங்க இருக்கிற வீடு, நெலம் எதுவும் வேணாங்க. நான்தான் கடைசிப் பொண்ணு, எனக்கு அங்க வீடு இருக்குது. எங்க பாட்டி கல்லு எங்கனு மட்டும் காட்டுங்க. அப்பாவ அவங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

அம்மாவுக்குக் கல் ஏது, அண்ணா?

"தென்பெண்ணையில கரைச்சுட்டோம்மா. ஆத்துலதான் இருக்காங்க."

அவள் சொன்னாள்: "அப்ப ஆத்துக்கே போலாங்க."

மாலையில் பெட்டியை நானே தூக்கிவந்து அம்மா படத்தின் கீழே வைத்தேன். ஐம்பது வயதில் முதல் முறைமீறல். நான் முறை பேசுவேன் என்று அஞ்சித்தான் சொல்லாமல் இருந்தீர்களா? பேசியிருப்பேன். அதை நினைத்தால்தான் இன்னும் உறக்கம் கூடவில்லை.

ஞாயிறன்று தென்பெண்ணைக்குப் போகிறோம். உங்களை நீரில் விடப்போவது அவள் கை. நான் பக்கத்தில் நிற்பேன். திங்களன்று வேங்கிக்காலில் அதே மேசைக்கு முன் நின்று, நான் கொடுத்த வாக்குமூலம் பிழை என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். அவளுக்கு அந்தக் காகிதம் தேவையில்லையாம். எனக்குத் தேவை.

இங்ஙனம்,
உங்கள் தம்பி,
இபானின் சித்தப்பா