பேழைக்குள் என்ன என்று கேட்கும் பொறி

குன்றும் கடலும் ஒருசேர வாழ்த்த, குடிகளின் உலையில் சோறு குறையாதிருக்க, வெண்ணாவல் நாடாளும் பேரரசி எழிலாண்ட மாதேவியார் பணித்தருளியபடி முதலமைச்சன் கீரஞ்சேந்தன் எழுதுவது. சங்குத்துறைக் காவலர், அலைவென்ற அரையர் வேள் மருதங்கூத்தர் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் துறையில் கலங்கள் பழுதின்றி வந்துபோவதும், தங்கள் முழங்கால் வலி தணிந்திருப்பதும் கேட்டு மகிழ்ந்தோம்.

அரண்மனைக் கிடங்கின் ஏவற்பொறியைத் தாங்கள் கண்டிருக்கிறீர்கள். மரக்கைகளாலும் சகடங்களாலும் பொருள்களை அறைதோறும் கொண்டு சேர்க்கும் அப்பொறி, ஏவல்மொழியில் எழுதிய ஓலைக்கு மட்டுமே கட்டுப்படும். அனுப்பும் பொருள் இன்ன வகை என்று ஓலை சொல்லவேண்டும். இன்ன வகையைத்தான் ஏற்பேன் என்று அறையின் முகப்பும் சொல்லவேண்டும். இரண்டும் பொருந்தாவிடில் பொறி அசையாது. அம்மொழியைக் காப்பவள் சாத்தன் மகள் கொற்றி. கெட்டிக்காரி, ஆனால் ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் முகம் கடுகடுத்துவிடும்.

முன்னோர் வகுத்த வகைகள் எட்டே. வேண்டுவோர் தமக்கு வேண்டிய வகையைத் தாமே படைத்துக்கொள்ளும் வழியை ஈராண்டுக்கு முன் கொற்றிதான் மொழியில் சேர்த்தாள். சேர்த்ததும் பிடித்தது தலைவலி. நெய்ப்பேழை, மருந்துப்பேழை, மல்லிகைப்பேழை என நாற்பத்தொரு வகைகள் முளைத்தன. திறப்பதும் மூடுவதும் தூக்குவதும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதவேண்டியிருந்தது. தாழ்ப்பாளை மாற்றினால் நாற்பத்தொரு ஓலையையும் திருத்தவேண்டும். இளவரசியார் திருமணம் நெருங்கிய வேளையில் கொற்றி வெறுத்துப்போய் அத்தனையையும் அடுப்பிலிட்டு, பேழை என்னும் ஒரே வகையை வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டுகிறவன் பாடு என்று விட்டுவிட்டாள்.

பெருந்தவறு அதுவே. மணநாளுக்கு நான்கு நாள் முன்பு, பூ வரவேண்டிய இளவரசியார் அறைக்கு, அரச மருத்துவர் நஞ்செடுக்க வைத்திருந்த நாகத்தின் பேழை போய்ச் சேர்ந்தது. அறை கேட்டது பேழை, வந்ததும் பேழை, பொறியின்மீது என்ன குற்றம்? தெய்வ அருளால் எவரையும் அது தீண்டவில்லை. மணமகளின் அத்தையார் மட்டும் துணி அடுக்கும் நிலைப்பேழையின் உச்சியில் ஏறி அமர்ந்து உச்சிப்பொழுதுவரை இறங்க மறுத்தார்.

அவை கூடிற்று. மறைப்பானேன், உரத்துப் பேசியவர் நாமே. புது வகை படைக்கும் வழியையே மொழியிலிருந்து நீக்கி, பழைய எட்டு வகைகளுக்கே திரும்பவேண்டும் என்றும், கொற்றியைத் தங்கள் துறையின் உப்புக் கிடங்குக்கு எழுத்தாளாக அனுப்பவேண்டும் என்றும் வாதிட்டோம். பேரரசியார் மூன்று நாள் தவணை தந்தார். உப்புக் கிடங்கைப் பற்றிக் கொற்றி கவலைப்படவில்லை. தன் அவசரத்தால் தான் வளர்த்த மொழியின் கை கால்களை வெட்டப்போகிறார்களே என்பதுதான் அவள் கவலை. அன்று அவள் சோறுகூட உண்ணவில்லை என்று பொறிக்கூடத்தார் பின்னர் நம்மிடம் கூறினர்.

மறுநாள் அவள் பொறிக்கூடத்து வாயிலில் சோர்ந்து நின்றபோது, எதிர்க்கூடத்தில் விடுபட்ட உள்ளூரார்க்கு மண அழைப்போலை எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசகம் எல்லாவற்றிலும் ஒன்றே. அழைக்கப்படுவோர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பெயர் நிரப்பாத ஓலையைத் தூதன் கையிலும் வாங்கவில்லை. கொற்றி அப்படியே உள்ளே ஓடினாள். 'இன்னது அடங்கிய பேழை' என்று ஒரே வகையை எழுதி, 'இன்னது' என்னும் இடத்தை வெற்றிடமாக விட்டாள். மல்லிகை என்று நிரப்பினால் அது மல்லிகை அடங்கிய பேழை. நாகம் என்று நிரப்பினால் முற்றிலும் வேறு வகை. திறக்கவும் மூடவும் ஒருமுறை எழுதியதே எல்லாவற்றுக்கும் போதும். அவ்வாறே மூட்டைக்கும் எழுதிவிட்டு, மல்லிகை அடங்கிய பேழை அடங்கிய மூட்டை என்று சும்மா எழுதிப் பார்த்தாள். பொறி அதையும் புரிந்துகொண்டது. கொற்றி தனியே நின்று வாய்விட்டுச் சிரித்தாளாம்.

மூன்றாம் நாள் அவையில், பொறியைச் சோதிக்கும் ஓலையை அமைச்சரே எழுதட்டும் என்று பணிவுடன் வேண்டினாள். நாமும் விட்டுக்கொடுக்கவில்லை. நாகம் அடங்கிய பேழையை மணமகள் அறைக்கு அனுப்புக என்று எழுதினோம்; அறை ஏற்பது மல்லிகை அடங்கிய பேழை என்று கூறிப் பொறி ஓலையைத் திருப்பித் தந்தது. மரக்கை ஓரங்குலமும் நகரவில்லை. இதோ பார் என்று வெற்றிடத்தை நிரப்பாமலே அடுத்ததை நீட்டினோம். உள்ளே என்ன என்று பொறி நம்மையே கேட்டது. அவையோர் சிரித்த சிரிப்பில், பேரரசியாரும் தம் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. மணநாளில் பூ தவறாமல் போய்ச் சேர்ந்தது.

ஆகவே ஆணை இது. இனித் தங்கள் துறையிலும் வெற்றிடம் நிரப்பாத பேழை எதுவும் கப்பலேறலாகாது. கொற்றியைத் தங்களிடம் அனுப்புவதாக நாம் முந்திக்கொண்டு எழுதிய ஓலையை அழித்துவிடுக. அவள் வரமாட்டாள், அவள் எமக்கு வேண்டும். அரண்மனையின் நாற்பத்தொரு அறை முகப்புகளிலும் புது வகையைத் தம் கையாலேயே பொறிக்கவேண்டியவர் அமைச்சரே என்று பேரரசியார் தீர்ப்பளித்திருக்கிறார். இவ்வோலையில் எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. இருபத்தாறு அறைகள் முடிந்தன, விரல் மடங்கவில்லை.

நாவற்கிளை முத்திரை இட்டோம். கண்டதும் இதன்படி நடக்க.