அறுபத்து மூன்றாம் எண்ணுக்கு ஒரு பாட்டு

பிப்ரவரி 1

எங்களுக்கு இன்றுதான் புத்தாண்டு. ஷியோமி நாரைகள் தெற்குத் தீவில் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். ஆறு வயதிலிருந்து இந்த பேஸ்பால் அணியின் ரசிகை நான், இப்போது பதினான்கு. மூன்று வருடமாகக் கடைசி இடம். இந்த வருடம் அப்படி இருக்காது. (போன வருடமும் இதே தேதியில் இதையேதான் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.)

செய்தித்தாள் படத்தில் ஒரிகாசாவைத் தேடினேன். ஓரத்தில், பாதி முகம். அறுபத்து மூன்றாம் எண், மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சருக்கு மாற்று. எட்டு வருடமாக அணியில் இருந்தும் அவருக்கென்று ஒரு பாட்டு இல்லை. மற்றவர்கள் மட்டையோடு வந்தால் அவரவர் பாட்டைப் பாடுவோம். அவர் வந்தால் மட்டும், பாட்டில்லாத எல்லோருக்கும் பாடும் அந்தப் பொதுப் பாட்டு. இரவல் சட்டை மாதிரி.

பிப்ரவரி 9

ரசிகர் குழு இந்த வருடம் ஒரே ஒரு புதுப் பாட்டு சேர்க்கப் போகிறதாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் ஒரிகாசாவுக்கு எழுதுவேன்.

பிப்ரவரி 15

எட்டு வரி! "வைகறைப் பனியில் வாளென எழுவாய்" என்று தொடங்குகிறது. என்னை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போகும் பெரியம்மா படித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. யாரு செத்துப்போனா?" என்றார். அவருக்குக் கவிதை புரியாது.

பிப்ரவரி 21

குழுத் தலைவி ஷிரகாவா அக்காவிடம் நேரிலேயே கொடுத்தேன். கேலரியில் டிரம்பெட் ஊதுபவர். பகலில் மீன் சந்தையில் வேலை. ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"ஏய் சாயோ, இதப் பாடி முடிக்கறதுக்குள்ள அவரு அவுட்டாகி, உள்ள போய் உக்காந்து, டீயே குடிச்சிருப்பாரு."

சந்தையே சிரித்தது.

"வாய் நிறைய நூடுல்ஸ வச்சுக்கிட்டு 'வைகறை'ன்னு கத்த முடியுமாடி? நாலே வரி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டா."

வழியெல்லாம் அழுதேன். அழகா எழுதினா தப்பா? எவ்ளோ கஷ்டப்பட்டு எழுதினேன் —

பிப்ரவரி 24

அக்கா சொன்னது சரி.

மார்ச் 1

எட்டு வருஷம் காத்தாச்சு
இன்னும் என்ன யோசனை?
அடி, ஒரிகாசா, அடி!
வானம் காலி, அடி!

பெரியம்மா வாயில் சோற்றுருண்டையை அடைத்துக்கொண்டு பாடிப் பார்த்தார். "தேறிடுச்சு!" இந்தப் பக்கத்தில் ஒட்டியிருப்பது அவர் துப்பிய பருக்கை.

மார்ச் 8

என் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்!!

ஆனால் முதல் அணியில் அவர் இடம்பெறாவிட்டால்? அவர் வராமல் பாட்டும் வராது. பயிற்சி ஆட்டங்களில் இதுவரை ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்கவில்லை.

மார்ச் 26

முதல் அணிப் பட்டியல் வந்தது. கடைசிப் பெயர் ஒரிகாசா.

"கடைசியாத்தானே இருக்கு," என்றார் பெரியம்மா.

"இருக்குல்ல!"

மார்ச் 27

வரிசையாக எழுதுகிறேன்.

முதல் ஆட்டம். கடைசிச் சுற்று, 2–3 என்று பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் தோல்வி. ஓடத் தயாராக இரண்டு பேர் தளங்களில் நின்றார்கள். ஒலிபெருக்கி சொன்னது: "மாற்று வீரர், எண் அறுபத்து மூன்று."

"போச்சுடா!" என்றார் பின்வரிசைத் தாத்தா.

டிரம்பெட் எழுந்தது. என் பாட்டு. அச்சடித்த தாளைப் பார்த்து இருபது பேர் பாடியிருப்போம். மற்றவர்கள் உதட்டை மட்டும் அசைத்தார்கள். முதல் பந்து மட்டையில் பட்டுப் பக்கக் கோட்டுக்கு வெளியே போய் வீணானது. அடுத்ததும் வெளியே. இனி தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவர் தவறவிடவில்லை. மூன்றாவது வெளியே, நான்காவது வெளியே... அவர் அவுட்டாகும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. அதனால் திரும்பத் திரும்பப் பாடினோம். ஐந்தாவது முறை தாளை யாரும் பார்க்கவில்லை. ஏழாவது முறை கேலரி முழுக்கக் குதித்தது. "போச்சுடா" தாத்தாதான் எல்லோரையும்விட உரக்க — "வானம் காலி, அடி!"

அடித்தார்.

பந்து வலது மூலைச் சுவரில் மோதி உருண்டது. தளத்தில் நின்றவர்களில் ஒருவர் ஓடி வந்து சேர்ந்தார், 3–3. இன்னொருவர், புழுதியில் சறுக்கிக்கொண்டு — 4–3!!! பெரியம்மா என்னைத் தூக்கிவிட்டார். அவருக்கு முதுகுவலி உண்டு.

ஒரிகாசா இரண்டாம் தளத்தில் நின்று எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தோம். ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை.

மார்ச் 30

மூன்று ஆட்டம், மூன்று வெற்றி. புள்ளிப் பட்டியலில் முதலிடம்! வெட்டி இங்கே ஒட்டிவிட்டேன்.

மாலையில் ஷிரகாவா அக்கா போன் செய்தார். "நாப்பத்தொண்ணாம் நம்பருக்கும் பாட்டில்ல. வெள்ளிக்கிழமை இறங்கறாரு."

"இந்த வருஷம் ஒரே பாட்டுன்னீங்களே அக்கா?"

"அது போன வாரம். எழுதறியா, இல்லையா?"

இரண்டு வரி வந்துவிட்டது.